புகார் எழுதிய மறுநாள்

தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், தாமிரபரணியில் திருட்டு மணல் அள்ளுகிறார்கள் என்று 2023 ஏப்ரலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில், அலுவலகத்துக்குள் புகுந்து அவரை வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தன. குற்றவாளிகள் பிடிபட்டார்கள். குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது. ஐந்தே மாதத்தில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்துத் தூத்துக்குடி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வேகத்துக்குக் காரணமானவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இவை அத்தனையும் அவர் இறந்த பிறகு நடந்தவை. புகாரில் கையெழுத்துப் போட்ட நிமிடம் தொடங்கி அந்த ஏப்ரல் 25 வரை, தவறைச் சொன்ன ஊழியர் என்ற முறையில் அவரைக் காப்பதற்கென்று நடைமுறையில் எந்தச் சட்டமும் இல்லை. இன்று அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே புகாரை எழுதப்போகிறவருக்கும் இல்லை.

கொலை அரிதாக நடப்பது. அதனால்தான் முதல் பக்கத்துக்கு வருகிறது. பணியிடத்து முறைகேட்டைச் சொல்லத் துணிந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை அரிவாள் தேடி வருவதில்லை, தபால் தேடி வருகிறது. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தத் தபாலின் வாசகமே மனப்பாடம். முதலில் ‘நிர்வாக நலன் கருதி’ என்ற ஒரு பத்தி ஆணை வரும். பிள்ளைகளின் படிப்பு நடுவில் நிற்க, மாநிலத்தின் மறுகோடியில் ஓர் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்தது ‘17-பி’. தமிழ்நாட்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17-ஏ சிறு தண்டனைக்கானது, 17-பி பெருந்தண்டனைக்கானது என்பது கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் தெரியும். 17-பி மெமோ நிலுவையில் இருக்கும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது. ஓய்வு நெருங்கினால் பணப் பலன்கள் தள்ளிப்போகும். குற்றச்சாட்டு என்னவாக இருக்கும்? நான்கு ஆண்டுக்கு முன் ஒரு பதிவேட்டில் கையெழுத்து விடுபட்டது, விடுப்பு விண்ணப்பம் ஒரு நாள் பிந்தி வந்தது, மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் விதிப்படி சரியாகவே இருக்கும். தனியார் நிறுவனத்தில் இந்த வேலை இன்னும் சுருக்கமாக முடிந்துவிடும். மனிதவளத் துறை அறைக்குக் கூப்பிட்டு, ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா அனுபவச் சான்றிதழ்ல பிரச்சினை வராது’ என்று தணிந்த குரலில் சொல்வார்கள். எந்தத் தாளிலும், எந்த அறையிலும், ‘நீ புகார் சொன்னதால்’ என்ற சொற்கள் மட்டும் வரவே வராது.

அந்தச் சொற்கள் வராது என்பதிலிருந்துதான் இந்தப் பிரச்சினையை அணுக வேண்டும். தவறைச் சொன்னவரின் பெயரை மறைத்து வைப்பதும், அவரைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு எழுதி வைப்பதும் போதாது. புகாருக்குப் பின் அவர் மீது பாய்கிற ஒவ்வொரு நடவடிக்கையும் புகாருக்குத் தொடர்பில்லாதது என்று நிரூபிக்கும் பொறுப்பை நடவடிக்கை எடுத்தவர் மேல் வைக்க வேண்டும். நிரூபிக்கும் வரை அந்த நடவடிக்கை நிற்க வேண்டும். இந்த ஒன்று இல்லாத பாதுகாப்புச் சட்டம், வழக்கு நடத்த வசதியும் பத்தாண்டு பொறுமையும் உள்ளவர்களுக்கு மட்டுமே உதவும்.

பெயரை மறைப்பது ஏன் போதாது என்பதைச் சத்யேந்திர துபே தன் உயிரைக் கொடுத்துக் காட்டிவிட்டுப் போனார். பீகாரின் சிவான் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் கட்டடப் பொறியியல் படித்தவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில், தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஜார்க்கண்ட் பகுதியில் பொறுப்பில் இருந்தார். ஒப்பந்தங்களில் நடந்த முறைகேடுகளையும் தரக் குறைவான வேலையையும் விவரித்து 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொண்டார். கடிதம் கோப்பானது. கோப்பு அமைச்சகத்துக்குப் போனது, அங்கிருந்து அவர் வேலை பார்த்த ஆணையத்துக்கே போனது. பெயரும் தன்விவரக் குறிப்பும் கூடவே போயின. ஓராண்டு கழித்து, 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30. வழிப்பறிக்காக நடந்த கொலை என்றே மத்தியப் புலனாய்வுத் துறை முடிவுக்கு வந்தது; 2010-இல் மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், நாட்டின் மிக உயர்ந்த அலுவலகத்தை நம்பி ஒருவர் ஒப்படைத்த ரகசியம் மேசை மேசையாக இறங்கி, யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களிடமே வந்து சேர்ந்தது என்பது மாறாது.

அந்தக் கொலைக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டதால், 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. மத்திய அரசு ஊழியர்களும் பொதுத்துறை நிறுவனங்களும் சம்பந்தப்பட்ட புகார்களை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு ரகசியமாக அனுப்பலாம். எப்படி அனுப்ப வேண்டும் என்றும் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: உறையை நன்றாக ஒட்ட வேண்டும், பொதுநலத் தகவல் வெளிப்பாட்டுப் புகார் என்று உறை மேல் எழுத வேண்டும், அனுப்புநர் பெயரை மட்டும் உறை மேல் எழுதக் கூடாது, பெயரும் முகவரியும் உள்ளே, கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்க வேண்டும். துபேயின் அனுபவத்திலிருந்து அக்கறையோடு கற்றுக்கொண்ட பாடம்தான் இது. ஆனால் ஓர் அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்தவர்களுக்கு இதன் எல்லையும் தெரியும். ஒரு கொள்முதல் கோப்பை உதவியாளர், கண்காணிப்பாளர், கணக்கு அலுவலர் என்று மூன்று பேர்தான் பார்த்திருப்பார்கள். அதில் இருந்த ஒரு விலைப்புள்ளி விசாரணையில் கேள்வியாக வந்தால், யார் எழுதியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க உறையைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. மூவரில் இருவர் தலைமைக்கு வேண்டியவர்கள் என்றால் மிச்சம் ஒருவர்தானே? துல்லியமான புகார் தன்னை எழுதியவரை எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். பொத்தாம்பொதுவாக எழுதினால் ஆள் தப்பலாம், ஆனால் விசாரிப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. தவிரவும், இந்தத் தீர்மானம் மாநில அரசு ஊழியர்களுக்குப் பொருந்தாது. தாலுகா அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், அரசு மருத்துவமனை, சார்பதிவாளர் அலுவலகம் என்று சாதாரண மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் இடங்கள் முழுவதும் இதற்கு வெளியே நிற்கின்றன.

பெயர் தெரிந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு இந்திய வனப் பணி அதிகாரி சஞ்சீவ் சதுர்வேதியின் பணிப்பதிவு ஒன்றே போதும். ஹரியானாவில் முறைகேடுகளைக் கிளறியதற்கு ஐந்தாண்டுகளில் 12 இடமாறுதல்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தலைமை ஊழல் கண்காணிப்பு அதிகாரியாக வந்தபின் 2014-இல் அந்தப் பொறுப்பிலிருந்தும் நீக்கம். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2015-16-ஆம் ஆண்டுக்கான பணி மதிப்பீட்டில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். அவர் தளராமல் நீதிமன்றங்களுக்கும் தீர்ப்பாயங்களுக்கும் நடந்தார். அகில இந்தியப் பணியில் இருப்பவரே இப்படி ஆணைக்கு ஆணை, வழக்குக்கு வழக்கு போராட வேண்டியிருக்கிறது என்றால், ஓர் இளநிலை உதவியாளரோ ஒப்பந்தச் செவிலியரோ என்ன செய்வார்கள்? வாயை மூடிக்கொள்வார்கள். குடும்பம் இருக்கிறவர்கள் அதைத்தான் செய்ய முடியும். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மருந்து நம் நாடாளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் வேதனை. முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், 2014. சட்ட ஆணையம் 2001 டிசம்பரிலேயே தன் 179-ஆவது அறிக்கையில் இப்படியொரு சட்டத்தின் வரைவைக் கொடுத்திருந்தது. துபே கடிதம் எழுதியது அதற்கு ஓராண்டு கழித்து. 2010-இல் மசோதா வந்தது, 2011 டிசம்பரில் மக்களவையும் 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையும் நிறைவேற்றின, மே 9-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும். புகார் சொன்னதற்காகத் தான் பழிவாங்கப்படுவதாக ஊழியர் முறையிட்டால், அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் சுமை சம்பந்தப்பட்ட அரசு அமைப்பையே சேரும். முறையிட்டவரைப் பழைய நிலையிலேயே திரும்ப அமர்த்த உத்தரவிடலாம். அடுத்த பிரிவின்படி, உயிருக்கு ஆபத்து என்றால் காவல் பாதுகாப்புக்கும் உத்தரவிடலாம். மாநில அரசு ஊழியர்களும் இதற்குள் வருகிறார்கள். குறைகளும் உண்டு. பழிவாங்கல் என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. தனியார் துறையைத் தொடவே இல்லை. பொது ஊழியர்களின் குற்றத்தைச் சொல்லும் புகாருக்குத்தான் அது பொருந்தும். மணல் கடத்தும் தனியாளைப் பற்றி ஒரு கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் புகாருக்குப் பொருந்துமா என்பது சந்தேகம்தான். இருந்தும், சுமை யாருடையது என்ற அடிப்படைக் கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்ன சட்டம் அது. அந்தச் சட்டத்தைத்தான் அமலுக்குக் கொண்டுவரவில்லை. மத்திய அரசு அரசிதழில் ஒரு தேதியை அறிவித்தால் போதும். பத்தாண்டு கடந்தும் அந்தத் தேதி அறிவிக்கப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ஜூனில் ஒப்புதல் பெற்று அக்டோபரிலேயே முழுமையாக நடைமுறைக்கு வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், தாமதத்துக்கு நிர்வாகச் சிரமத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

நிரூபிக்கும் சுமையைத் திருப்பிப் போடுவது நிர்வாகத்தை முடக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். திறமையற்ற ஊழியர் ஒருவர், நடவடிக்கை வரப்போகிறது என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு ஒரு புகாரை எழுதிப் போட்டுக் கவசம் தேடிக்கொள்ளலாமே? ஆனால் உண்மையில் காரணம் உள்ள நிர்வாகத்துக்கு அதை நிரூபிப்பது கடினமே அல்ல. இடமாறுதல் என்றால், அந்த இடம் காலியானது எப்போது, அதே ஆணையில் வேறு யார் யார் மாற்றப்பட்டார்கள், இவருக்கு அங்கே இன்னும் எவ்வளவு காலம் பாக்கி இருந்தது என்பதெல்லாம் கோப்பிலேயே இருக்கும். குற்றக் குறிப்பாணை என்றால், அந்தக் குற்றம் முதலில் கவனத்துக்கு வந்த தேதி இருக்கும். நான்கு ஆண்டுக்கு முந்தைய கையெழுத்துக் குறை, புகார் போன அடுத்த வாரத்தில்தான் கண்ணில் பட்டது என்றால் அதற்கு விளக்கம் சொல்லட்டும். கோப்பு முழுவதும் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஊழியரிடம் இருப்பது ஒரு மெமோவின் நகல். ஆவணம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது சாதாரண நியாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது. அங்கே 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் எல்லாமே, தனியார் உட்பட, புகார்களை வாங்கி விசாரிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். புகார் வந்த ஏழு நாளில் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் தவறைச் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவர், ஏழு நாளுக்குள் தீர்ப்பாயத்தில் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். வழக்கில் வெல்லும் வாய்ப்புத் தெரிந்தால், இறுதி விசாரணை முடியும் வரை சம்பளம் வந்துகொண்டிருக்க உத்தரவிடுவார்கள். என் பார்வையில் உலகில் உள்ள ஏற்பாடுகளிலேயே நடைமுறைக்கு மிக நெருக்கமானது அதுதான். வழக்கு நடக்கும்போது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

பொய்ப் புகார் வரும் என்ற அச்சத்துக்கு 2014 சட்டத்திலேயே பதில் இருக்கிறது: பொய் என்று தெரிந்தே கெட்ட நோக்கத்தோடு கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும். எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறு ஒன்று. புகாரின் உண்மையை விட்டுவிட்டு, புகார் சொன்னவரின் மனசைச் சோதிக்கும் போக்கு. குஜராத்தின் காக்ரபார் அணுமின் நிலையத்துக்குள் 1994 ஜூனில் கனமழையால் வெள்ளம் புகுந்தது. அங்கே வேலை பார்த்த, தொழிற்சங்கப் பொறுப்பிலும் இருந்த ஒரு தொழிலாளி அதைப் பற்றி ஒரு நாளிதழுக்கு எழுதினார். வேலை போனது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வேலைநீக்கத்தை உறுதி செய்தது. முறைகேட்டை வெளிப்படுத்தியவர் என்ற தகுதியை அவருக்குக் கொடுக்க மறுத்த நீதிமன்றம் சொன்ன காரணங்களில், அவர் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தவர், பொறியாளரோ நிபுணரோ அல்ல என்பதும், பொதுநலமே அவருடைய முதன்மை நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்பதும் இருந்தன. மிகுந்த மரியாதையோடு மாறுபடுகிறேன். தண்ணீர் உள்ளே வந்ததா இல்லையா என்பதைப் பார்க்க நிபுணத்துவம் தேவையில்லை, அந்த இடத்தில் நின்றிருந்தால் போதும். நோக்கத்தைப் பொறுத்தவரை, அதே 2013-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் நேர் எதிர்த் திசையில் நடந்தது. தகவல் சொன்னவருக்கு நல்லெண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று, முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் தங்கள் 1998 சட்டத்தில் இருந்த நிபந்தனையையே நீக்கியது. தகவலில் பொதுநலன் இருப்பதாக நியாயமாக நம்பினாரா என்பது மட்டும் பார்க்கப்படும். கெட்ட எண்ணம் தெரிந்தால் இழப்பீட்டில் ஒரு பகுதி குறையலாம், பாதுகாப்பு போகாது. பங்கு பிரிப்பதில் ஏற்பட்ட சண்டையால் ஒருவர் வாயைத் திறந்தாலும், அவர் சொல்லும் பாலத்தில் கம்பி குறைவாக இருந்தால், அந்தப் பாலத்தில் போகிற பேருந்துக்கு அவருடைய நோக்கம் என்ன கணக்கு?

சட்டத்தை அமலுக்குக் கொண்டுவராததற்கு நாட்டின் பாதுகாப்பு என்ற காரணத்தையும் சொல்கிறார்கள். 2015 மே மாதத்தில் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா, நாட்டின் இறையாண்மை, பொருளாதார நலன், அமைச்சரவை ஆவணங்கள், வணிக ரகசியம் என்று பத்து வகைத் தகவல்களைப் புகாரில் சொல்லவே கூடாது என்றது. அலுவலக ரகசியச் சட்டத்திலிருந்து கொடுத்திருந்த விலக்கையும் எடுத்தது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019-இல் அது காலாவதியானது. ஆனால் மூலச் சட்டம் அமலுக்கு வராமல் கிடப்பதற்கு அதே தயக்கம்தான் இன்றும் காரணம் என்று கருத இடமிருக்கிறது. பத்திரிகைக்குக் கொடுப்பதையும் ஆணையத்துக்குக் கொடுப்பதையும் இங்கே ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தின்படி புகார் போவது சட்டத்தால் அமைந்த ஓர் ஆணையத்துக்கு, ரகசியமாக. ராணுவக் கொள்முதலில் ஒருவர் கமிஷன் அடித்தார் என்பதை ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்றால், அந்த ரகசியம் யாரைக் காக்கிறது?

இத்தனைக்கும் அடியில், சட்டம் தொட முடியாத ஒரு தயக்கமும் நம் மனத்தில் இருக்கிறது. தவறை வெளியே சொல்பவர்களைக் குறிக்கத் தமிழில் ஒரு நல்ல சொல் புழக்கத்தில் இல்லை. வாயில் முதலில் வருவது ‘காட்டிக்கொடுப்பவன்’, அதன் கூடவே எட்டப்பன் பெயர். ‘உண்ட வீட்டுக்கு ரெண்டகம்’ என்பார்கள். ஆனால் காட்டிக்கொடுப்பது என்றால் வலியவனிடம் எளியவனைக் காட்டிக்கொடுப்பது. இங்கே நடப்பது அதற்கு நேர் மாறானது. உண்ட வீடு எது என்றும் யோசிக்க வேண்டும். அரசு ஊழியருக்குச் சோறு போடுவது மக்களின் வரிப்பணம், மேலதிகாரியின் பை அல்ல. மன்னன் தவறும்போது இடித்துச் சொல்பவரை உடன் வைத்துக்கொள்ளச் சொன்னவை நம் அறநூல்கள். அந்த மரபு நம்முடையதுதான். அதை அலுவலகத்துக்குள் கொண்டுவரத்தான் இன்னும் தயங்குகிறோம்.

தனியார் துறைக்கு ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 177-ஆவது பிரிவும் அதன் கீழான விதிகளும், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் அல்லது வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய நிறுவனங்களும் புகார் சொல்ல ஒரு வழி ஏற்படுத்த வேண்டும், சொல்பவரைப் பழிவாங்கலிலிருந்து காக்க வேண்டும் என்கின்றன. எப்படிக் காக்க வேண்டும், காக்கவில்லை என்றால் வேலை திரும்பக் கிடைக்குமா, சம்பள பாக்கி கிடைக்குமா என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தின் சோதனைத் தரவுகள் பல போலியானவை என்பதை உள்ளிருந்து கண்டறிந்த தினேஷ் தாக்கூர் 2005-இல் வேலையை விட்டு விலகினார். அவர் எழுதியது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு. 2013-இல் அந்த நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அந்நாட்டுச் சட்டப்படி அவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. இந்தியாவில் வேலை பார்த்த ஊழியர், இந்திய நிறுவனம், மத்தியப் பிரதேசத்திலும் இமாசலத்திலும் இருந்த ஆலைகள். அந்த மாத்திரைகளை விழுங்கியவர்களில் நம்மவர்களும் உண்டு. உண்மையைச் சொல்லவும் சொன்னவரைக் காக்கவும் கடல் கடந்து ஒரு சட்டம் தேவைப்பட்டது.

பெரிய நிறுவனங்களுக்கு இந்த நிலை என்றால், விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுக் கொட்டகைகளுக்கு என்ன சொல்வது? 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது பிறகுதான் பேசப்பட்டது. வெளியுலகத்துக்குத்தான் அது பிறகு தெரிந்தது. எந்த அறையை யார் எடுத்திருக்கிறார், எத்தனை பேர் உட்காரும் இடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்கள் என்பது அங்கே வேலைக்குப் போகிற பெண்களுக்கு அன்றாடம் கண்ணில் படுவது. ஆய்வாளர் எப்போதாவது வருகிறார், அவர்கள் தினமும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது. பிரிட்டனில் 1998 சட்டம் பிறந்ததன் பின்னணியிலும், உள்ளிருந்தவர்களுக்கு முன்பே தெரிந்த ஆபத்துகள் இருந்தன. 1987-இல் 193 பேரைப் பலிகொண்ட சீபுரூக் கப்பல் விபத்துக்கு முன்பே, முன்கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்கு வேண்டும் என்று கப்பல் தலைவர்கள் நிர்வாகத்திடம் கேட்டிருந்தார்கள். நிர்வாகம் காது கொடுக்கவில்லை. கதவு திறந்தபடியே கப்பல் கிளம்பியது.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதும், மேற்பார்வையாளர் கைதானதும் நினைவிருக்கலாம். அதைத் தொடர்ந்து பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. அதன் பலனாக 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும், ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதை உலகம் முழுவதும் பேசினார்கள். தையல் தளத்திலேயே தொழிலாளிகளிலிருந்து கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, தொல்லைகளைக் கவனித்துச் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் அதுவே ஒப்பந்த மீறல், அதற்கு ஆலை வணிகத்தில் விலை கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு ஆலையில் எழுதி வைக்க முடிந்த நிபந்தனையை மாநிலத்தின் தொழிற்சாலை விதிகளில் எழுத முடியாதா? பரிசுத்தொகை பற்றியும் சிலர் கேட்பார்கள். உட்தகவல் வணிகத்தைக் காட்டுபவருக்கு செபி பரிசு தருகிறது, வரி ஏய்ப்புக்கு வருமானவரித் துறை தருகிறது. இருக்கட்டும். பட்டாசு அறையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பரிசைவிட முக்கியம் அடுத்த வாரக் கூலி.

தில்லி அந்த அரசிதழ் அறிவிப்பை வெளியிடும் வரை சென்னை காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அரசு ஊழியர்களின் பணி விதிகளை எழுதும் அதிகாரம், அரசமைப்பின் 309-ஆவது கூறின்படி, மாநிலத்திடமே இருக்கிறது. 17-ஆவது விதியோடு ஒரு காப்புரையைச் சேர்த்தால் போதும்: முறைகேடு பற்றி எழுத்தில் புகார் கொடுத்த ஊழியர் மீது, புகார் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் குற்றக் குறிப்பாணையோ, பணியிடை நீக்கமோ, அவர் கேட்காத இடமாறுதலோ வழங்குவதானால், புகாருக்கு உள்ளானவர் அதில் கையெழுத்திடக் கூடாது, புகாரோடு அதற்குத் தொடர்பில்லை என்பதை ஆவணங்களோடு மாநில ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதி, இசைவு பெற்ற பிறகே ஆணை வெளியாக வேண்டும். மணல், குவாரி, நில ஆக்கிரமிப்பு என்று தனியாரைப் பற்றிப் புகார் கொடுக்கும் வருவாய்த் துறையினருக்கு இன்னொரு வரி: புகார் பதிவான அன்றே அதன் நகல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும், புகார் கொடுத்தவருக்கு என்ன பாதுகாப்பு கொடுக்கப்பட்டது என்பதை அவர் ஒரு வாரத்துக்குள் ஆட்சியருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இதற்குச் சட்டமன்றம்கூடக் கூட வேண்டாம். மனிதவள மேலாண்மைத் துறையிலிருந்து ஒன்று, உள்துறையிலிருந்து ஒன்று என்று இரண்டு அரசாணைகள் போதும்.